பட்டறை கேள்வி–பதில்: திக்னஸ் பிளேனர்

பலகையை ஒரே கனத்துக்குச் சீவ, வீட்டுப் பட்டறையில் மேஜை மேல் வைத்து ஓட்டும் 12, 13 அங்குல திக்னஸ் பிளேனர் பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். மேலே வேகமாகச் சுற்றும் கட்டர் பிளாக், அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ரப்பர் ரோலர், கீழே வழவழப்பான தகட்டு மேடை: மிஷின் என்பது இவ்வளவுதான். என்ன கோளாறு வந்தாலும் அது பலகையில் தன் அடையாளத்தைப் போட்டுவிட்டுப் போகும். குறுக்கே விழுந்திருக்கிறதா, நெடுக்கேயா, நுனியில் மட்டுமா, எத்தனை மி.மீ.க்கு ஒரு தடவை விழுகிறது என்று முதலில் பாருங்கள். ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம்.

பிளேடு, ரோலர் பக்கம் கை போகும் எந்த வேலைக்கும் முன்னால் பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பலகையின் இரண்டு நுனியிலும் இரண்டரை அங்குல நீளத்துக்குப் பள்ளம் விழுகிறது. நடுவில் அருமையாக வருகிறது. புது பிளேடு போட்டும் போகவில்லை. மிஷினே கோளாறா?
— நாகர்கோவில் வாசகர்

இல்லை. இதற்கு ஸ்னைப் என்று பெயர். பலகை நடுவில் போகும்போது இரண்டு ரோலரும் சேர்ந்து அழுத்திப் பிடிக்கின்றன. நுழையும்போது முன் ரோலர் மட்டும்தான் பிடிக்கிறது. வெளியே தொங்கும் வால் பாரத்தால் இறங்க, தலை லேசாகத் தூக்கி பிளேடில் கூடுதலாகப் படுகிறது. வெளியேறும்போது இதே கதை தலைகீழாக நடக்கிறது. அதனால்தான் பள்ளத்தின் நீளம் ரோலருக்கும் கட்டர் பிளாக்குக்கும் உள்ள தூரத்தை ஒட்டியே இருக்கும். மேஜை மிஷின்களில் அது 50 முதல் 75 மி.மீ. உங்கள் இரண்டரை அங்குலம் சரியாக அதற்குள் வருகிறது.

முதலில் கட்டர் பிளாக்கை அசையாமல் பூட்டும் லாக் உங்கள் மிஷினில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உயரம் வைத்ததும் அதைப் பூட்டிவிட்டுத்தான் பலகையைக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது முன்பின் மடக்கு டேபிள்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். பெட்டியில் வரும்போதே இவை மேடைக்குச் சமமாகவோ கொஞ்சம் தாழ்ந்தோ இருக்கும். இருக்க வேண்டியது வெளி நுனி சற்றே தூக்கலாக. நேரான ஒரு மீட்டர் மட்டக்கோலை இரண்டு டேபிளின் வெளி விளிம்பிலும் படும்படி வையுங்கள். நடு மேடைக்கும் கோலுக்கும் நடுவில் ஒரு ஏ.டி.எம். கார்டு (0.76 மி.மீ.) இழுத்தால் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். கார்டு தளர்வாக ஆடினால் டேபிளுக்கு அடியில் உள்ள போல்ட்டை இறக்குங்கள். நுழையவே இல்லை என்றால் ஏற்றுங்கள். இடது, வலது இரண்டு ஓரத்திலும் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் ஏறியிருந்தால் பலகை கோணலாக நடக்கும்.

நான்கு அடிக்கு மேல் நீளமான பலகைக்கு டேபிள் மட்டும் போதாது, கையும் உதவ வேண்டும். நுழையும்போது இரண்டாவது ரோலர் பிடிக்கும் வரை வால் நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். பிறகு மறுபக்கம் போய், வெளியேறும்போது தலை நுனியைத் தூக்கிப் பிடியுங்கள். ஒரே கனத்தில் பல பலகை ஓட்டும்போது ஒன்றின் வாலோடு அடுத்ததன் தலையை முட்டவைத்து ரயில் பெட்டி போலத் தொடர்ந்து அனுப்பினால் முதல் பலகையின் தலையிலும் கடைசிப் பலகையின் வாலிலும் மட்டும்தான் பள்ளம் விழும். அந்த இரண்டு இடத்திலும் கழிவுத் துண்டு வைத்துவிடலாம். கடைசிச் சீவல் 0.3 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

இவ்வளவும் செய்தாலும் கையால் தடவினால் தெரிகிற அளவு ஒரு சின்ன அடையாளம் சில மிஷின்களில் மிஞ்சும். நல்ல தேக்கில் வேலை செய்யும்போது இரண்டு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக விட்டு அறுத்துக்கொள்வதே நிம்மதி.

வளைந்த பலகையைக் கொடுத்தால் வளைந்தபடியே வெளியே வருகிறது. எத்தனை தடவை ஓட்டினாலும் நேராகவில்லை. — பொள்ளாச்சி வாசகி

எத்தனை தடவை ஓட்டினாலும் நேராகாது. இந்த மிஷினை வாங்குகிற பலர் எதிர்பார்த்து ஏமாறும் இடம் இது. திக்னஸ் பிளேனர் பலகையின் மேல் முகத்தை அடி முகத்துக்கு இணையாகச் சீவும். அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. அடி முகம் வளைந்திருந்தால், ரோலர் அழுத்தும்போது பலகை தற்காலிகமாக நிமிர்ந்து, சீவப்பட்டு, வெளியே வந்ததும் மறுபடி வளையும். எல்லா இடத்திலும் கனம் சரியாக இருக்கும், பலகை மட்டும் வில்லாக இருக்கும்.

ஆகவே ஒரு முகத்தை முதலில் சமமாக்கியாக வேண்டும். சர்ஃபேஸ் மிஷினோ, இழைப்புளியில் கை பழகியவரோ இருந்தால் நல்லது. இரண்டும் இல்லையென்றால் ஒரு தட்டுப் பலகை செய்துகொள்ளுங்கள். 18 மி.மீ. பிளைவுட், மிஷின் வாயை விட அரை அங்குலம் அகலம் குறைவாக, உங்கள் பலகையை விட அரை அடி நீளம் கூடுதலாக இருக்கட்டும். முன்னும் பின்னும் ஒவ்வொரு குறுக்குச் சட்டம் திருகுங்கள். பலகை கடைசியில் நிற்கப்போகும் கனத்தை விடச் சட்டம் தாழ்வாக இருக்க வேண்டும், திருகும் அடியிலிருந்து ஏற வேண்டும். இல்லையென்றால் பிளேடு அதைச் சாப்பிட்டுவிடும்.

பலகையைக் குழிவான முகம் கீழே வரும்படி அதன் மேல் வைத்து மூலை மூலையாக அழுத்திப் பாருங்கள். எங்கே ஆடுகிறதோ அங்கெல்லாம் மெல்லிய ஆப்பு செருகி, ஆப்பு நகராமல் ஒவ்வொன்றுக்கும் சுடு பசை ஒரு பொட்டு வையுங்கள். ஆப்பை இறுக்கி அடிக்கக் கூடாது, தாங்கினால் போதும். மேல் முகம் முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கிறுக்கிவிட்டு, அரை மி.மீ. அரை மி.மீ.யாகச் சீவுங்கள். கிறுக்கல் முழுக்க மறைந்த சீவலில் நிறுத்துங்கள். இனிப் பலகையைக் கழற்றி, சமமான முகத்தைக் கீழே போட்டு, தட்டு இல்லாமல் ஓட்டலாம்.

சமமாக்கிய பலகை மறுநாள் காலையில் மறுபடி வளைந்திருந்தால் தப்பு மிஷினில் இல்லை. ஒரே முகத்திலிருந்து நிறையச் சீவியிருப்பீர்கள், அல்லது மரம் இன்னும் காயவில்லை. இரண்டு முகத்திலும் மாறி மாறிச் சம அளவு எடுங்கள். வேண்டிய கனத்துக்கு 2 மி.மீ. முன்னால் நிறுத்தி, அடியில் குச்சி கொடுத்து இரண்டு நாள் காற்றாட வைத்துவிட்டுக் கடைசிச் சீவல் போடுங்கள்.

காரைக்குடியில் வாங்கிய பழைய பர்மா தேக்குச் சட்டங்களை ஓட்டியதிலிருந்து பலகையின் நெடுக மயிரிழை போல இரண்டு மேடு கோடு வருகிறது. — மதுரை வாசகர்

பிளேடு முனையில் இரண்டு இடத்தில் பல் விழுந்திருக்கிறது. விழுந்த இடத்தில் மரம் சீவப்படாமல் நிற்பதுதான் அந்த மேடு. ஆணி பட்டிருக்கும், அல்லது சுண்ணாம்புக் காரையில் கலந்த மணல் பட்டிருக்கும்.

உங்கள் பிளேடின் ஓட்டை நீள்வட்டமாக இருந்தால் எல்லா பிளேடையும் கழற்ற வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் தளர்த்தி 1 முதல் 2 மி.மீ. பக்கவாட்டில் நகர்த்தி இறுக்குங்கள். ஒரு பிளேடின் பள்ளத்தில் மிஞ்சியதை அடுத்த பிளேடு சீவிவிடும், கோடு மறையும். ஊசி மேல் பொருந்தி உட்காரும் பிளேடு நகராது. அதைப் புரட்டி மறுமுனையை உபயோகிக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

இடித்த வீட்டு மரத்துக்கு வேலையே மிஷினுக்கு முன்னால்தான். கம்பி பிரஷ்ஷால் காரை, மண் போகத் தேய்த்து, இரண்டு நுனியிலும் ஓர் அங்குலம் அறுத்துத் தள்ளுங்கள்; வெடிப்புக்குள் மண் ஏறி நிற்பது அங்கேதான். தலை முறிந்து உள்ளே நிற்கும் ஆணியைக் கண்டுபிடிக்க, சிறு நியோடிமியம் காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் சாய்ந்து இழுக்கும். பித்தளைக்கு இது காட்டாது. பழைய கதவுகளில் பித்தளைக் குமிழும் ஆணியும் சகஜம். அந்த மரத்துக்குக் கையடக்க மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்குங்கள். ஒரு செட் பிளேடு விலையோடு ஒப்பிட்டால் அது செலவே அல்ல. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை மிஷினில் சீவித் தூளாக்கிச் சுவாசிக்க வேண்டாம். பெயின்டை முதலில் ஈரமாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

பலகை பாதியில் நின்றுவிடுகிறது. கையால் தள்ளினால் போகிறது. — தஞ்சாவூர் வாசகர்

தள்ளுவதை இன்றே நிறுத்துங்கள். ரோலர் பிடி திடீரென்று திரும்பினால் உங்கள் கை பலகையோடு முன்னால் போகும். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் இன்னொரு பலகையால் தள்ளுங்கள்.

நின்ற பலகையின் மேல் முகத்தைப் பாருங்கள். ரப்பர் வழுக்கித் தேய்ந்த பளபளப்பு இருந்தால் ரோலர் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அடையாளமே இல்லாமல் ரோலர் தானாகவே நின்றிருந்தால் பக்கவாட்டு மூடிக்குள் சங்கிலியோ பல் சக்கரமோ தேய்ந்திருக்கிறது. மூடியைக் கழற்றி, சங்கிலி தொய்வையும் தூள் அடைப்பையும் பாருங்கள்.

வழுக்கல்தான் அதிகம் வருவது. மருந்து ரோலரில் பாதி, மேடையில் பாதி. மேடைத் தகட்டைத் துடைத்து, வெள்ளை மெழுகுவத்தியை நேரடியாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் பளபளக்கும் வரை தேயுங்கள். ஈரத் தேக்கும் பைனும் ஓட்டிய நாளில் மறுநாளே மறுபடி பூச வேண்டியிருக்கும். சிலிக்கோன் ஸ்ப்ரே மட்டும் மேடைப்பக்கம் வரவே கூடாது. அது மரத்தில் ஒட்டி, பிற்பாடு பாலிஷ் அடிக்கும்போது மீன் கண் போலக் குழி குழியாக விலகும்.

ரோலர்களை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி முழு வட்டமும் துடையுங்கள். துணியில் பழுப்புப் பிசின் வருவது நின்றால் போதும். என்.சி. தின்னர், பெட்ரோல் இரண்டும் ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். ரப்பர் கண்ணாடி போல் இறுகியிருந்தால் 120 நம்பர் தாளால் லேசாக மினுக்கை மட்டும் எடுங்கள்.

இவை இரண்டும் செய்தும் நின்றால் மழுங்கிய பிளேடைச் சந்தேகியுங்கள். மழுங்கிய பிளேடு மரத்தை வெட்டாமல் பின்னால் தள்ளும், ரோலர் அதை எதிர்த்து மல்லுக்கட்டும். ஒரு நுனி தடித்தும் மறுநுனி மெலிந்தும் உள்ள பலகையும் பாதியில் நிற்கும். 12 அங்குலத்துக்குக் குறைந்த துண்டை ஓட்டவே வேண்டாம். ஒரு ரோலர் விடும்போது மறு ரோலர் பிடிக்க நீளம் இருக்காது.

வேம்பு, வாகை எப்படிப் போட்டாலும் பிய்கிறது. திருப்பிப் போட்டால் வேறு இடத்தில் பிய்கிறது. — ஈரோடு வாசகர்

சாதாரண மரத்தில் பலகையைத் திருப்பிப் போட்டால் போதும். பக்கவாட்டில் நார் ஓட்டத்தைப் பாருங்கள்: மிஷினுக்குள் முதலில் போகும் நுனியிலிருந்து வால் பக்கமாக நார் மேலேறிப் போக வேண்டும். குழப்பமாக இருந்தால், இழைப்புளியை அந்தப் பலகையில் தலையிலிருந்து வாலுக்குத் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இழைப்புளி எந்தத் திசையில் சுகமாக ஓடுமோ அதுவே சரி.

வேம்பிலும் வாகையிலும் நார் அடுக்கடுக்காக எதிரெதிர்த் திசையில் பின்னிக்கொண்டு வளர்கிறது. ஒரு பட்டைக்குச் சரியான திசை பக்கத்துப் பட்டைக்கு எதிர் நார். ஆகையால் திசை மாற்றிப் பயனில்லை, சீவலை மெல்லிசாக்குவதுதான் வழி. கடைசி 2 மி.மீ.க்கு வந்ததும் ஒரு தடவைக்கு 0.2, 0.3 மி.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். வேகம் மாற்றும் வசதி இருந்தால் மெதுவானதைப் போடுங்கள். ஈரத் துணியால் முகத்தைத் துடைத்து, இரண்டு நிமிடம் விட்டு ஓட்டினால் மேல் நார் இளகி ஒடியாமல் வெட்டுப்படும். சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம், உடனே முடித்துவிட்டு மிஷினையும் துடையுங்கள். பலகை ஒடுக்கமாக இருந்தால் 10, 15 டிகிரி சாய்த்துக் கொடுப்பதும் உதவும்.

எல்லாவற்றையும் விடப் புது முனை முக்கியம். அதே பிளேடில் தேக்கு நன்றாகத்தானே வருகிறது என்று வேம்பில் ஓட்டாதீர்கள். அரை மி.மீ. மிச்சம் வைத்து உப்புத்தாளில் முடிப்பதிலும் குறைவு ஒன்றும் இல்லை.

பலகையின் வலது ஓரம் அரை மி.மீ. தடிமனாக வருகிறது. — கோவை வாசகர்

முதலில் அளவை உறுதிப்படுத்துங்கள். ஒரே சட்டத்திலிருந்து அறுத்த ஒன்றரை அங்குல அகலக் குச்சிகள் இரண்டை, ஒன்று இடது ஓரம், ஒன்று வலது ஓரம் என்று ஒரே நேரத்தில் விடுங்கள். வெர்னியரில் இரண்டையும் நடுப்பகுதியில் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் என்றால் தொடாதீர்கள்.

அரை மி.மீ. அதிகம்தான். ஆனால் சாய்ந்திருப்பது பிளேடா, பிளாக்கா என்று தெரியாமல் எதையும் திருகாதீர்கள். சதுரமாக இழைத்த ஒரு கட்டையை மேடையில் இடது ஓரத்தில் வைத்து, கட்டர் பிளாக்கின் உடம்பு (பிளேடு முனை அல்ல) கட்டையை ஏறக்குறைய தொடும் வரை இறக்கி, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்துகொள்ளுங்கள். உயரத்தை மாற்றாமல் அதே கட்டையை வலது ஓரத்தில் வைத்து அளங்கள். இரண்டும் ஒன்றே என்றால் பிளாக் மட்டமாக இருக்கிறது, பிளேடு உட்காரும் இடத்தில் சீவலோ பிசினோ மாட்டியிருக்கிறது. கழற்றித் துடைத்து மாட்டினால் முடிந்தது.

இடைவெளி வேறுபட்டால் பிளாக்கே சாய்ந்திருக்கிறது. பல மிஷின்களில் தூக்கி இறக்கும் திருகுத் தண்டுகளை அடியில் ஒரு சங்கிலியோ பல் சக்கரமோ சேர்த்துச் சுற்றுகிறது. எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தண்டு ஒரு முழுச் சுற்றுக்கு 2 மி.மீ. ஏறுகிறது, சக்கரத்தில் 16 பல் என்றால், ஒரு பல் தாண்டினால் 0.125 மி.மீ. அரை மி.மீ.க்கு நான்கு பல். உங்கள் மிஷினின் ஏற்றத்தையும் பல்லையும் நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், மாடலுக்கு மாடல் மாறும். சங்கிலியிலும் சக்கரத்திலும் சாக்பீஸால் அடையாளம் போட்டுவிட்டுத்தான் டென்ஷனைத் தளர்த்த வேண்டும். தண்டு அந்தப் பக்கத்தில் இரண்டு என்றால் இரண்டையும் ஒரே அளவு திருப்புங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் பிளாக் முறுக்கிக்கொள்ளும்.

பிளேடு மாற்றும் சரியான முறை என்ன? மாற்றியபின் குறுக்கே அலை அலையாகக் கோடு தெரிகிறது. — திருச்சி வாசகர்

குறுக்குக் கோடு என்பது ஒவ்வொரு பிளேடும் விட்டுப்போகும் கொத்து. எத்தனை நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 8,500 சுற்று, 2 பிளேடு என்றால் 17,000 வெட்டு. பலகை நிமிடத்துக்கு 8.5 மீட்டர் போனால் வெட்டுக்கு வெட்டு அரை மி.மீ. பென்சிலைப் படுக்கவைத்துப் பலகை மேல் தேயுங்கள், மேடுகள் கறுப்பாகத் தெரியும். 10 மி.மீ.யில் எண்ணுங்கள். 20 வந்தால் இரண்டு பிளேடும் வேலை செய்கின்றன. 10 தான் வருகிறது என்றால் ஒரு பிளேடு மட்டும் உயர்ந்து நின்று வெட்டுகிறது, மற்றது சும்மா சுற்றுகிறது. பிளேடு மாற்றிய உடனே வந்திருப்பதால் உங்களுக்கு இதுவாகத்தான் இருக்கும். (கோடு 80, 90 மி.மீ.க்கு ஒன்று என்று வந்தால் அது பிளேடே அல்ல: ரோலரில் ஒரு வெட்டோ ஒட்டிய பிசினோ. 28 மி.மீ. விட்டமுள்ள ரோலரின் சுற்றளவு 88 மி.மீ.)

இனி மாற்றும் முறை. பிளக்கைப் பிடுங்கி, தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளாக் சுற்றாமல் லாக் விழும்வரை திருப்புங்கள். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தளர்த்தி, காந்தத்தால் பிளேடைத் தூக்குங்கள், விரலால் நெம்பாதீர்கள். அழுத்துப் பட்டையையும் கழற்றி, பட்டை, பள்ளம், போல்ட் புரி எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் துடையுங்கள். பிளேடு உட்காரும் முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகத்தில் தட்டுகிற ஒரு துளி பிசின் போதும், பிளேடை உயர்த்திவிட. எண்ணெய் பூசாமல் உலர்ந்தபடியே மாட்டுங்கள். நடு போல்ட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி, மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே மூச்சில் ஓரத்திலிருந்து இறுக்கினால் பிளேடு நடுவில் புடைத்துக்கொள்ளும். எல்லா பிளேடும் முடிந்ததும் முதல் பிளேடிலிருந்து எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை சரிபாருங்கள். பத்து நிமிடம் ஓட்டியபின் பிளக்கைப் பிடுங்கி மறுபடியும் ஒரு தடவை.

பழைய வார்ப்பிரும்பு மிஷினில் தீட்டி உபயோகிக்கும் பிளேடு என்றால், பிளாக் உடம்பிலிருந்து முனை சுமார் 1 மி.மீ. வெளியே நிற்க வேண்டும், எல்லா பிளேடும் ஒன்றுக்கொன்று 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் இல்லாமல் இதைக் கண்ணால் வைக்க முடியாது. தீட்டக் கொடுக்கும்போது செட்டாகக் கொடுங்கள், வந்ததும் எடை போடுங்கள். 48 மி.மீ. விட்டமுள்ள பிளாக் 8,500 சுற்றில் ஓடும்போது ஒரு பிளேடு 1 கிராம் கூடினால், அது ஏறக்குறைய 2 கிலோ பாரத்துக்குச் சமமான இழுப்பாகி பேரிங்கை ஒவ்வொரு சுற்றிலும் உலுக்கும். மிஷின் நடுங்குவதும் பேரிங் சீக்கிரம் போவதும் அதனால்தான்.

பிளைவுட் ஓட்டலாமா? குறுக்கு வாட்டுக் கட்டிங் போர்டை ஓட்டலாமா? — சேலம் வாசகர்

இரண்டும் கூடாது. பிளைவுட் பசை பிளேடை மழுங்கடித்துவிடும், மேல் வெனீரும் பிய்ந்துபோகும். நார் நட்டுக்கொண்டு நிற்கும் போர்டை ஓட்டினால் வால் நுனி சிதறிப் பின்னால் பாயும். அதற்கு ரூட்டர் தட்டோ உப்புத்தாளோதான்.

மாலை நேரத்தில் மோட்டார் திணறி டிரிப் ஆகிறது. கார் ஷெட்டுக்கு எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஓட்டுகிறேன். — விழுப்புரம் வாசகர்

வயரில்தான் பிரச்சினை. உங்கள் மிஷின் 1,650 வாட் அளவில் இருக்கும், 230 வோல்ட்டில் 7, 8 ஆம்பியர் இழுக்கும். 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் என்றால் போக, வர 40 மீட்டர் கம்பி. 0.75 சதுர மி.மீ. வயரில் அதன் தடை ஏறக்குறைய ஓர் ஓம். ஓடும்போதே 8 வோல்ட் போகும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் கரன்ட் பல மடங்கு, வோல்ட்டும் அதற்கேற்றாற்போல் இறங்கும். மாலையில் தெருவிலேயே வோல்டேஜ் குறைந்திருந்தால் மிச்சமும் போச்சு. 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர் போட்டு, 16 ஆம்பியர் பவர் பிளக்கிலிருந்து எடுங்கள். அதே தூரத்துக்கு இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். வயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள், சூடேறும்.

வயர் சரியாக இருந்தும் திணறினால் ஆழத்தைக் குறைத்துப் பாருங்கள். 12 அங்குல அகலப் பலகையில் 1 மி.மீ. கடினமான தீனி. அடுத்தது கார்பன் பிரஷ். காற்றோட்ட ஓட்டை வழியாகச் சின்ன நீலப் பொறி தெரிந்தால் பரவாயில்லை. மஞ்சள் நெருப்பு வளையமாகத் தெரிந்தால் நிறுத்துங்கள். பிரஷ்ஷில் எல்லைக் கோடு இருக்கும். கோடு இல்லையென்றால் 6 மி.மீ.க்கு வந்ததும் இரண்டையும் சேர்த்து மாற்றி, சுமை இல்லாமல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கீச்சிட்டு, பிளாக் மட்டும் வேகம் குறைந்தால் பெல்ட் வழுக்குகிறது.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் மிஷின் இங்கே ஓடுமா? — சென்னை வாசகர்

கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் என்றால் 50, 60 ஹெர்ட்ஸ் வித்தியாசம் அதைப் பாதிக்காது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பெயர்ப் பலகையில் 15 ஆம்பியர் என்றிருந்தால் 1,800 வி.ஏ. ஆகிறது, ஸ்டார்ட்டிங் கரன்டையும் சேர்த்து 3,000 வி.ஏ. வாங்குங்கள். சிறியதை வாங்கிச் சூடாக்குவதை விட இது மலிவு.

சீவிய முகத்தில் அங்கங்கே நகக்குறி போல அமுங்கல். — புதுச்சேரி வாசகி

சீவல் சுருள் வெளியேறாமல் பின் ரோலருக்கு அடியில் போய், புது முகத்தில் அமுங்குகிறது. தூள் வாயைக் கழற்றி, உள்ளே அடைத்ததை மரக்குச்சியால் எடுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனரின் ஒடுக்கமான குழாய் இந்த மிஷினின் சீவலுக்குப் பத்தாது; 4 அங்குலக் குழாயுள்ள டஸ்ட் கலெக்டர் வேண்டும். வந்த அமுங்கலுக்கு ஈரத் துணி வைத்து இஸ்திரிப் பெட்டி நுனியால் ஆவி காட்டுங்கள், நார் எழும்பி வரும்.

தூள் விஷயத்தில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். மரத்தூளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. என்95 முகக்கவசத்தைத் தேக்கு ஓட்டும் நாளில் மட்டும் போட்டால் போதாது, கூட்டிப் பெருக்கும்போதும் வேண்டும். மிஷின் சத்தம் 100 டெசிபெல் அளவில் இருக்கும், காதுக்கும் கவசம் போடுங்கள். தோளில் துண்டு, லுங்கி, தொங்கும் துப்பட்டா எதுவும் ரோலர் அருகில் வரக் கூடாது.

தூத்துக்குடியில் இருக்கிறேன். ஐப்பசி மழையில் மேடை துருப்பிடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூளைப் பிடித்துக்கொள்ளும், பலகையிலும் கறை விடும். துருவை 320 நம்பர் எமரி தாளில் இரண்டு சொட்டு மிஷின் ஆயில் விட்டு, பலகை போகும் திசையிலேயே தேயுங்கள். ஸ்பிரிட்டில் எண்ணெய் போகத் துடைத்து, உடனே மெழுகு பூசுங்கள். உப்புக் காற்றுள்ள ஊரில் மாதம் ஒரு தடவை மெழுகு அவசியம். திருகுத் தண்டுகளுக்கு கிரீஸ் வேண்டாம், தூள் சேர்ந்து களியாகும். பல் துலக்கும் பிரஷ்ஷால் புரியைத் துடைத்து மெழுகு தேயுங்கள். சங்கிலிக்கு மட்டும் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு.

துடைக்கும்போது முன் பக்கம் வரிசையாகத் தொங்கும் பின்னுதைப்புத் தடுப்புப் பற்களை ஒவ்வொன்றாக விரலால் தூக்கி விடுங்கள். ஒவ்வொன்றும் தன் பாரத்திலேயே டக்கென்று விழ வேண்டும். துருவிலோ பிசினிலோ ஒட்டி மேலேயே நிற்கும் பல், பலகை பின்னால் பாயும்போது பிடிக்காது. எல்லாப் பல்லும் தானாக விழும் வரை மிஷினை ஓட்டாதீர்கள். ஓட்டும்போதும் பலகைக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கியே நில்லுங்கள்.